திரையில் தெரிகிறது, டியூப் போகவில்லை: வீடியோ லாரிங்கோஸ்கோப்பைக் கையாளும் முறை

நுனியில் கேமரா கொண்ட தொண்டைக் கருவியான வீடியோ லாரிங்கோஸ்கோப் குரல் நாண்களைக் காட்டிவிடும். அவற்றுக்கு நடுவே மூச்சுக்குழாய்க்குள் சுவாச டியூபைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் நிற்கும் குவியாடி எதிரே வரும் வண்டியைக் காட்டும். வளைவை நம் வண்டிதான் திரும்பிக் கடக்க வேண்டும். கேமரா இல்லாமல் கண்ணால் நேராகப் பார்க்கும் நேரடி லாரிங்கோஸ்கோபியில் ‘தெரிந்தால் போட்டுவிடலாம்’ என்று பழகிய கை, திரையில் முழுப் பார்வை கிடைத்தும் டியூப் நுழையாதபோது தடுமாறுவது இதனால்தான்.

இந்தக் குறிப்பு மயக்கவியல், அவசர சிகிச்சை, ஐசியூ பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கும், கருவியைத் தயார்செய்து கொடுக்கும் டெக்னீஷியன்களுக்கும் செவிலியர்களுக்கும் உரியது. மாஸ்க் வென்டிலேஷனும் நேரடி லாரிங்கோஸ்கோபியும் தெரிந்தவர் என்ற அடிப்படையில் எழுதியிருக்கிறோம். கருவி புதிதென்றால் முதலில் மானிக்கின் (பயிற்சிப் பொம்மை), அடுத்து ஆபரேஷன் தியேட்டரில் மூத்தவர் பக்கத்தில் இருக்கும்போது எளிதான நோயாளி. நள்ளிரவில் வாந்தியோடு வரும் நோயாளியிடம் முதன்முதலாக அதைத் திறக்கக் கூடாது.

எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

2023இல் வெளியான டிவைஸ் ஆய்வு அமெரிக்காவின் 17 அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஐசியூக்களிலும் 1,417 பேரிடம் நடந்தது. முதல் முயற்சியிலேயே டியூப் போட முடிந்தது வீடியோவில் 85.1 சதவீதம், நேரடி முறையில் 70.8 சதவீதம். டியூப் போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருந்த மருத்துவர்கள் என்பதால் நம் கேஷுவாலிட்டிகளுக்கும் இந்த எண் பொருந்தும். ஆனால் அதே ஆய்வில் கடுமையான சிக்கல்கள் இரு பக்கமும் ஏறத்தாழ சமம்: 21.4 சதவீதமும் 20.9 சதவீதமும். இரத்த அழுத்தம் சரிவதைக் கேமராவால் தடுக்க முடியாது. 29 நாடுகளில் 2,964 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான இன்டியூப் ஆய்வில், டியூப் போடும் நேரத்தில் இரத்த ஓட்டம் நிலைகுலைந்தவர்கள் 42.6 சதவீதம். ஆகவே நல்ல கருவி கையில் இருக்கிறது என்பதற்காக திரவம், வாசோபிரஸர் (இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து), முன் ஆக்ஸிஜன் எதையும் குறைக்காதீர்கள்.

எந்த பிளேடு

கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் டியூபைத் தயார்செய்வதில் பல சிக்கல்கள் தொடங்குகின்றன. மூன்று வகை உண்டு.

முதலாவது, மாகின்டாஷ் வளைவு கொண்டவை. சி-மேக்கின் மேக் 3, 4 பிளேடுகளும் மெக்ராத் மேக்கும் இந்த வகை. 1943இல் ராபர்ட் மாகின்டாஷ் விவரித்த அதே வடிவத்தில் நுனிக்கு அருகே கேமரா. திரையையும் பார்க்கலாம், கேமரா இரத்தத்தில் மூடிப்போனால் தலையைத் தாழ்த்தி வாய்க்குள் நேராகவும் பார்க்கலாம்.

இரண்டாவது, அதிக வளைவு பிளேடுகள். கனடா நாட்டு அறுவை மருத்துவர் ஜான் பேசி உருவாக்கி 2001இல் வந்த கிளைடுஸ்கோப் இதற்கு முன்னோடி. சி-மேக்கின் டி-பிளேடும் மெக்ராத்தின் எக்ஸ் பிளேடும் இதே குடும்பம். கழுத்தை நிமிர்த்த முடியாதவர்கள், காலர் போட்ட விபத்து நோயாளிகள், சிறிய தாடை, குரல்வளை மிக முன்னே இருப்பவர்கள் ஆகியோருக்கு இது கைகொடுக்கும். நேராகப் பார்க்க வழியே இல்லை. திரை போனால் எல்லாம் போச்சு.

மூன்றாவது, டியூபுக்கான தடம் உள்ளவை: ஏர்ட்ராக், கிங் விஷனின் தடம் உள்ள பிளேடு, பென்டாக்ஸ் ஏடபிள்யூஎஸ். டியூபுக்குள் வைத்து அதன் வளைவைப் பிடித்துவைக்கும் கம்பியான ஸ்டைலெட் தேவையில்லை. பருமன் அதிகம், கிங் விஷனின் தடமுள்ள பிளேடுக்கு வாய் குறைந்தது 18 மி.மீ. திறக்க வேண்டும், தடமில்லாததற்கு 13 மி.மீ. போதும்.

ஒரே ஒரு கருவி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், மேக் பிளேடும் அதிக வளைவு பிளேடும் ஒரே கைப்பிடியில் மாட்டக்கூடியதை வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து. அன்றாட நோயாளிகள் எல்லோரிடமும் மேக் பிளேடைப் பயன்படுத்தினால் கை பழகிவிடும். கடினமான நாளில் பிளேடை மட்டும் மாற்றினால் போதும். அலமாரியில் பூட்டி ‘கஷ்டமான கேஸுக்கு’ என்று எடுத்துவைத்த கருவி, அந்தக் கஷ்டமான கேஸ் வரும்போது சார்ஜ் இல்லாமல் இருக்கும்.

மலிவு விலைக் கருவிகளும் சந்தையில் நிறைய வந்துவிட்டன. வாங்கும் முன் மூன்று சோதனை. கேமராவுக்கு முன் விரலை வேகமாக அசையுங்கள். திரையில் படம் பின்தங்கி வந்தால் வேண்டாம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் திரை தெரிகிறதா பாருங்கள், ஆம்புலன்ஸிலும் வார்டிலும் அதுதான் நிலைமை. ஒருமுறை பயன்படுத்தும் பிளேடு தனியாக வரும் கருவியென்றால் அந்த பிளேடு அடுத்த வருஷமும் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மருந்து கொடுக்கும் முன்

கருவியை இயக்கி, திரையில் படம் நேராக இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு என்று பாருங்கள். மெக்ராத்தில் மீதமுள்ள நிமிடங்கள் திரையிலேயே வரும். பனிமூட்டம் படிவது குளிர்ந்த லென்ஸ் வெதுவெதுப்பான வாய்க்குள் போவதால்தான். லென்ஸைச் சூடாக்கும் சூடேற்றி உள்ள கருவிகளை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். ஏர்ட்ராக்கில் விளக்கைப் போட்ட பிறகு 30 முதல் 60 விநாடி தேவை. சூடேற்றி இல்லாததென்றால் பிளேடு நுனியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடையுங்கள், அல்லது மூடுபனித் தடுப்புத் திரவம் ஒரு சொட்டு. ஜெல்லி லென்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் படம் முழுக்கக் கலங்கலாகத் தெரியும், பிறகு கருவி பழுது என்று பழி போடுவார்கள்.

திரை தனியாக ஸ்டாண்டில் இருந்தால் அதை நோயாளியின் மார்புக்கு நேராக, டியூப் போடுபவரின் கண், நோயாளியின் வாய், திரை மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்துங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு முறையும் தலை திரும்பும், கை நகரும். உதவியாளருக்கும் திரை தெரிய வேண்டும்: கழுத்தில் வெளியிலிருந்து அழுத்துபவர் தன் அழுத்தம் பார்வையைக் கெடுக்கிறதா, திருத்துகிறதா என்று தானே பார்த்துச் சரிசெய்வார்.

ஆக்ஸிஜன்: இறுக்கமான மாஸ்க்கில் 3 நிமிடம் சாதாரண மூச்சு, அல்லது 1 நிமிடத்தில் 8 ஆழ்ந்த மூச்சு. நேரம் இருந்தால் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். லாரிங்கோஸ்கோபி நடக்கும்போதும் மூக்குவழி நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடட்டும்; அகில இந்திய கடின சுவாசப்பாதைச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது.

மருந்தில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வீடியோ இருக்கிறது என்று தசைத்தளர்வு மருந்தைக் குறைக்க வேண்டாம். ராக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி., அல்லது தடை எதுவும் இல்லாதவர்களுக்கு சக்ஸினைல்கோலின் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி.; முழு விளைவு வர ஏறக்குறைய 1 நிமிடம் காத்திருங்கள். பாதி தளர்ந்த தாடையில் பிளேடை நுழைத்தால் பல்தான் உடையும்.

மேஜையில் இருக்க வேண்டியவை: திட்டமிட்ட அளவு டியூபும் அரை அளவு சிறியதும் (பெண்களுக்குப் பெரும்பாலும் 7.0, ஆண்களுக்கு 7.5 அல்லது 8.0), ஸ்டைலெட், பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் நீண்ட மெல்லிய குச்சி), தலையணைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் சக்‌ஷன், ஐ-ஜெல் போன்ற, குரல்வளைக்கு மேல் அமரும் இரண்டாம் தலைமுறை சுவாசச் சாதனம் ஒன்று, 10ஆம் எண் ஸ்கால்பெல், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபி இணைத்துத் தயாராக இருக்கும் சர்க்யூட்.

மேக் பிளேடில்

நேரடி முறையில் செய்வது போலத்தான். நாக்கின் மேல் நகர்ந்து, குரல்வளை மூடியான எபிகிளாட்டிஸைக் கண்டுபிடித்து, நுனியை அதற்கு முன்னிருக்கும் வலெகுலாப் பள்ளத்தில் ஊன்றி, கைப்பிடியின் திசையில் தூக்குங்கள். நேரடி முறையில் தேவைப்படும் பலத்தில் ஒரு பகுதி போதும். திரையில் தெரிய ஆரம்பித்ததும் தூக்குவதை நிறுத்துங்கள். டியூபுக்குள் ஸ்டைலெட்டைக் கஃப் (டியூப் நுனிக்கு அருகே காற்றடைக்கும் பை) வரை நேராகவும், அதற்குமேல் நுனியை 35 டிகிரி மேல்நோக்கியும் வளையுங்கள். பார்வை பாதிதான் கிடைத்தால் பூஜி இந்த பிளேடோடு நன்றாக ஒத்துப்போகும்.

அதிக வளைவு பிளேடில்

இங்கே பழைய பழக்கங்களில் பாதியை விட்டுவிட வேண்டும். நாக்கை இடப்பக்கம் ஒதுக்க வேண்டாம். டியூபின் வளைவு பிளேடின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும்: தயாரிப்பாளர் தரும் கடினமான ஸ்டைலெட் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் வழக்கமான ஸ்டைலெட்டை 60 டிகிரிக்கு வளைத்து, டியூபை பிளேடின் பக்கத்தில் ஒட்டவைத்துப் பாருங்கள். ஸ்டைலெட்டுக்கும் டியூபுக்கும் ஜெல்லி தாராளமாக. ஸ்டைலெட் நுனி டியூபைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் முறையின் உயிர்நாடி.

1. வாயைப் பாருங்கள். பிளேடை நடுக்கோட்டில் நுழைத்து, அது நாக்கின் வளைவைச் சுற்றிக் கீழே இறங்கும் வரை கண் வாயில்தான்.

2. திரையைப் பாருங்கள். உள்நாக்கு, எபிகிளாட்டிஸ், அரிட்டினாய்டு (நாண்களின் பின்முனையில் உள்ள சிறு குருத்தெலும்பு) என்று அடையாளங்களை வரிசையாகக் கண்டபடி முன்னேறுங்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தள்ளினால் உணவுக்குழாயின் வாயே திரையை நிறைக்கும். பார்க்க குரல்வளை போலவே இருக்கும். குழப்பமாக இருந்தால் மெல்லப் பின்வாங்குங்கள், குரல்வளை தானாக மேலிருந்து விழுந்து திரைக்குள் வரும்.

3. மறுபடி வாயைப் பாருங்கள். டியூபை வலது கடைவாயில், அதன் மேல்முனை வலப்பக்கம் 3 மணி திசையில் இருக்கும்படி படுக்கையாக நுழைத்து, பிளேடை ஒட்டியே உள்ளே செலுத்துங்கள். டியூப் நுனி நாக்கைக் கடந்து கண்ணுக்கு மறையும் வரை திரையைப் பார்க்காதீர்கள்.

4. திரையைப் பாருங்கள். நுனி தெரிந்ததும் மேல்முனையை 3 மணியிலிருந்து 12 மணிக்கு எதிர்க்கடிகாரமாகச் சுழற்றி, குரல் நாண்களை நோக்கித் திருப்புங்கள்.

மூன்றாவது படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் மென்னண்ணத்தையும் டான்சிலின் முன் மடிப்பையும் துளைக்கிறார்கள். டியூப் நுழையும்போது கண் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடினமான ஸ்டைலெட் தசையைக் கிழித்துக்கொண்டு போய்த் திரையில் ‘வந்துவிட்டது’ என்று தோன்றும். தடை உணர்ந்தால் நிறுத்துங்கள். இந்தக் காயம் டியூப் எடுத்த பிறகுதான் பலமுறை தெரியவருகிறது. போட்டு முடித்ததும் வாய்க்குள் ஒரு பார்வை பார்ப்பதற்கு ஐந்து விநாடி ஆகும்.

பார்வை அருமை, ஆனால் டியூப் போகவில்லை

திரை முழுக்கக் குரல்வளை நிறைந்து, நாண்கள் பளிச்சென்று தெரிகின்றனவா? அதுவே பிரச்சினையாக இருக்கலாம். பிளேடு குரல்வளைக்கு மிக அருகில் போய், அதை முன்னோக்கித் தூக்கி, டியூப் திரும்ப வேண்டிய கோணத்தைச் செங்குத்தாக்கிவிட்டது. இடமும் இல்லை. 1 முதல் 2 செ.மீ. பின்வாங்குங்கள், தூக்குவதைத் தளர்த்துங்கள். குரல்வளை திரையின் மேல்பாதியில், நாண்களில் பாதி மட்டும் தெரியும்படி இருக்கட்டும். கீழ்ப்பாதி டியூப் வருவதற்கு. நேரடி முறையில் பயின்ற மூத்தவர்களுக்கு இது மனம் ஒப்பாத அறிவுரை. கிடைத்த பார்வையை யார் கெடுத்துக்கொள்வார்கள்? ஆனாலும் செய்துபாருங்கள்.

டியூப் நுனி திரையில் கீழே, அரிட்டினாய்டுகளுக்குப் பின்னாலேயே சுற்றுகிறதென்றால் டியூபின் வளைவு போதவில்லை. வெளியே எடுத்து வளைவைக் கூட்டுங்கள். உள்ளே வைத்துக்கொண்டே தள்ளிக்கொண்டிருப்பது நேர விரயம். வலது அரிட்டினாய்டில் இடித்தால் மேல்முனையைப் பிடித்து இடதுபக்கம் சிறிது சுழற்றி நுனியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு இடம்: நுனி நாண்களுக்கு நடுவே நுழைந்துவிட்டது, அதற்குமேல் நகரவில்லை. மேல்நோக்கி வளைந்த நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டி நிற்கிறது. பலம் கொடுத்தால் சுவர் கிழியும். உதவியாளரை ஸ்டைலெட்டை 3 முதல் 5 செ.மீ. மட்டும் பின்னே இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் டியூபை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, கடிகாரத் திசையில் 90 டிகிரி சுழற்றியபடி முன்னே செலுத்துங்கள். முனை பின்னோக்கித் திரும்பி வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டைலெட்டை முழுதாக எடுக்கும்போது அதன் வளைவின் பாதையிலேயே, நோயாளியின் கால் பக்கமாக இழுக்க வேண்டும். நேரே மேலே இழுத்தால் டியூபும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இந்த இழுப்பை உதவியாளரோடு முன்பே வெறும் டியூபில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

அதிக வளைவு பிளேடில் பூஜி அவ்வளவு உதவாது. வளைத்துக் கொடுத்தாலும் வாய்க்குள் போவதற்குள் நிமிர்ந்துவிடும். கம்பிச்சுருள் பதித்த ஃப்ளெக்ஸோமெட்டாலிக் டியூபுக்குத் தன் வடிவம் என்று ஒன்று கிடையாது, ஸ்டைலெட் நுனிவரை இல்லாமல் முயலாதீர்கள்.

தடமுள்ள பிளேடுகளில் சிக்கல் வேறு மாதிரி. டியூப் போகும் வழி ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. இலக்கு தவறினால் கருவியைத்தான் நகர்த்த வேண்டும், டியூபை அல்ல. ஏர்ட்ராக்கில் டியூப் அரிட்டினாய்டில் இடித்தால் கருவியைச் சற்றுப் பின்வாங்கி, பிறகு மேலே தூக்கி மறுபடி செலுத்துங்கள்.

இரத்தமும் வாந்தியும்

கேமராவின் எதிரி இதுதான். பிளேடுக்கு முன்னால் சக்‌ஷன் போக வேண்டும்: பெரிய துளை யாங்கவர் நுனியை முதலில் தொண்டைக்குள் கொண்டுபோய், அது வழி துடைத்துக் கொடுக்க, பின்னாலேயே பிளேடு. பிளேடை நாக்கின் மேல்புறம் ஒட்டி, பின்சுவரில் தேங்கியிருக்கும் திரவத்தில் படாமல் கொண்டுபோங்கள். வெள்ளம் நிற்கவில்லையென்றால் சக்‌ஷன் நுனியை உணவுக்குழாயின் வாயில், பிளேடின் இடப்பக்கம் வைத்துவிட்டு, வலப்பக்கம் டியூபுக்கு விடுங்கள். இப்படிப்பட்ட நோயாளியிடம் மேக் பிளேடோடு தொடங்குவதே நல்லது, திரை மூடிப்போனால் நேராகப் பார்க்கும் வழி திறந்திருக்கும்.

உறுதிசெய்தல்

நாண்களுக்கு நடுவே டியூப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்பது ஆதாரமே அல்ல. ஸ்டைலெட் எடுக்கும்போது நழுவியிருக்கலாம். கேப்னோகிராஃபில் கார்பன் டை ஆக்சைடு அலை குறைந்தது 7 மூச்சுகளுக்கு உயரம் குறையாமல் வர வேண்டும், உச்சம் அடிக்கோட்டிலிருந்து 7.5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் எழ வேண்டும். அலை இல்லையென்றால் டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். இதயத் துடிப்பு நின்று சிபிஆர் நடக்கும்போதும் சிறிய அலை வரும்; ‘ஹார்ட் நின்றுவிட்டது, அதனால்தான் அலை இல்லை’ என்ற சமாதானம் உணவுக்குழாயில் கிடக்கும் டியூபை மறைத்துவிடும். அறையில் எல்லோருக்கும் திரை தெரிவதன் இன்னொரு பயன் இங்கே: இரண்டாவது ஆள் ஒருவர் தானும் பார்த்து வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஆழம் உதட்டில் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 செ.மீ.யைச் சுற்றி, கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தம்.

எப்போது நிறுத்துவது

பிரிட்டனின் கடின சுவாசப்பாதைச் சங்கம் 2015இல் வகுத்த கணக்கு: 3 முயற்சி, கூடுதல் அனுபவம் உள்ளவர் வந்தால் இன்னும் 1. ஆனால் அதே பிளேடு, அதே டியூப், அதே கையோடு இரண்டாவது முயற்சி செய்வதில் பயன் இல்லை. ஏதாவது மாற்றுங்கள்: தலையின் நிலை, பிளேடு வகை, டியூப் அளவு, ஆள். செச்சுரேஷன் (இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு) 93 சதவீதத்துக்கு இறங்கும்போதே பிளேடை எடுத்து மாஸ்க்குக்குத் திரும்புங்கள். 85க்குக் காத்திருந்தால் அதன்பின் சரிவு மிக வேகம். எண்ணைச் சத்தமாகச் சொல்லும் பொறுப்பை ஒருவருக்கு ஒதுக்குங்கள், திரையைப் பார்க்கும் கண் மானிட்டரைப் பார்க்காது. அடுத்து ஐ-ஜெல்: 30 முதல் 60 கிலோவுக்கு 3ஆம் எண், 50 முதல் 90க்கு 4, அதற்குமேல் 5. டியூபும் ஐ-ஜெல்லும் மாஸ்க்கும் மூன்றும் தோற்று ஆக்ஸிஜன் போகவில்லையென்றால் கழுத்தின் முன்பக்கக் கிரிகோதைராய்டு சவ்வில் ஸ்கால்பெல், பூஜி, 6.0 கஃப் டியூப். அந்த நிமிடத்தில் நான்காவது வீடியோ முயற்சிக்கு இடமில்லை.

முடிந்த பிறகு

ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் பிளேடுகளை எறிந்துவிடுங்கள். கழுவி மறுபடி மாட்டினால் லென்ஸ் மங்கும், உள்ளே ஈரம் புகும். கைப்பிடியையும் திரையையும் அவற்றுக்கு ஒத்த கிருமிநாசினித் துணியால் துடையுங்கள், நேராக நீரில் முக்க வேண்டாம். மறுபயன்பாட்டு பிளேடென்றால் சளி காய்வதற்குள் நொதித் திரவத்தில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, பிறகு உயர்நிலைக் கிருமிநீக்கம்: 0.55 சதவீத ஆர்த்தோ-தாலால்டிஹைடில் 12 நிமிடம், அதன்பின் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில் மூன்று முறை அலசல். மின் இணைப்பு முனையின் மூடியை முதலில் போட்டீர்களா என்று பாருங்கள். மூடி போடாமல் ஊறப்போட்டால் அடுத்த நாள் திரை கறுப்பாக இருக்கும். ஆட்டோகிளேவ் தாங்குமா என்பது பிளேடுக்கு பிளேடு மாறும், கையேட்டைப் பார்க்காமல் போடாதீர்கள்.

கருவியைச் சார்ஜில் மாட்டி, அந்த ஸ்டாண்டிலேயே இரண்டு அளவு பிளேடும் கடின ஸ்டைலெட்டும் தொங்கவிடுங்கள். கேஸ் ஷீட்டில் ‘கடினமான இன்டியூபேஷன்’ என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயனில்லை. மாஸ்க் வென்டிலேஷன் எளிதாக இருந்ததா, எந்த பிளேடு, எந்த அளவு, திரையில் எவ்வளவு தெரிந்தது, நேராகப் பார்த்தால் எவ்வளவு தெரிந்தது, எத்தனை முயற்சி, எது வழி கொடுத்தது: இந்த ஏழு விவரங்களையும் எழுதி, நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.